மண்ணெண்ணெயில் குளிர்ந்த பெட்டி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒரு கடிதம் எழுதுவதற்கே பல முறை யோசிப்பேன். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் வாய் திறந்து பழக்கமில்லை. அப்படிப்பட்டவள் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். பேச வேண்டிய நாளில் பேசாமல் நின்றுவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன், செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட பெருமழையின்போது, குன்றத்தூரில் எங்கள் தெருவுக்கு நாலைந்து நாள் கரண்ட் வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் சர்க்கரை நோய். தினமும் போட்டுக்கொள்ளும் ஊசி மருந்து பிரிட்ஜில் இருந்தது. பிரிட்ஜ் வெறும் அலமாரியாகிவிட்டது. நான் பெரிய மண்பானைக்குள் ஈர மணலைப் போட்டு, அதற்குள் சின்னப் பானையை இறக்கி, மருந்தை அதில் வைத்து ஈரத்துணியால் மூடிக் கொடுத்தேன். அந்த அம்மாவின் மகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவன். இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டான். ஆஸ்பத்திரியில் என்றேன். அதற்கு மேல் சொல்ல வரவில்லை. சொல்லாமல் விட்டது அன்று முதல் உறுத்துகிறது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. படப்பையைத் தாண்டி ஒரகடம் போகிற வழியில் ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையம். அப்போது அந்தப் பக்கம் கம்பெனிகள் கிடையாது. ரோட்டின் இரண்டு பக்கமும் நெல்லும் கத்தரியும், கோடையில் வெறும் கட்டாந்தரையும். எனக்கு அங்கே தற்காலிக வேலை. என் வீட்டுக்காரர் பட்டணத்துக்கு வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மகள் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் வேலையை நீட்டித்து ஒரு தாள் வரும். அந்தத் தாள் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

என்ன வேலை என்றால், ஒரு பிரிட்ஜுக்கு விளக்கேற்றுகிற வேலை. கேட்டால் நம்பமாட்டார்கள். குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி மருந்தையும் போலியோ சொட்டு மருந்தையும் குளிர்ச்சியில் வைக்க, மண்ணெண்ணெயில் ஓடும் பிரிட்ஜ் ஒன்று இருந்தது. அடியில் மண்ணெண்ணெய்த் தொட்டி, அதில் திரி, திரிக்கு மேலே புகைபோக்கி. கீழே சுடர் எரியும், மேலே மருந்து குளிரும். எப்படி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கு என்ன வேண்டும் என்பது தெரியும். சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாகத் துள்ளினால் புகை கட்டும், பெட்டி குளிராது. சுடரைப் பார்ப்பதற்கென்றே அடியில் சின்னக் கண்ணாடி ஒன்று பொருத்தியிருப்பார்கள். காலையும் மாலையும் தரையில் முட்டி போட்டு, தலையைச் சாய்த்து, அந்தக் கண்ணாடியில் நீலத்தைப் பார்ப்பேன்.

கூட்டிப் பெருக்க வருகிற அம்மா ஒருவர் இருந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் வாயை அடக்க அவரால் ஆகாது.

"இன்னாமே, நெருப்ப வெச்சி ஐஸ் பண்ணிக்கினு கீறே? எங்க வூட்டு அடுப்பு தெனிக்கும் எரியுது, ஒரு நாளாச்சும் ஜில்லுன்னு ஆவலியே."

பெட்டி மட்டமாக நிற்க வேண்டும் என்பது இன்னொரு விஷயம். கொஞ்சம் சாய்ந்தாலும் குளிர்ச்சி நின்றுவிடும். அதன் தலைமேல் ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்த்து, காலுக்கடியில் ஓட்டுச் சில்லைச் செருகுவேன். வருஷத்துக்கு ஒருமுறை பட்டணத்திலிருந்து வருகிற மெக்கானிக்தான் இதைக் காட்டிக் கொடுத்தார். போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போவார்.

"படுக்க மட்டும் வெச்சிடாதம்மா. படுக்க வெச்சா உள்ள இருக்கறது இடம் மாறிப்பூடும். அப்பால யாராலயும் ஒண்ணியும் பண்ண முடியாது."

அந்தப் பெட்டியை நான் கொண்டாடியதாக நினைக்க வேண்டாம். புகைபோக்கியைத் துடைத்தால் கை ஒரு வாரத்துக்குக் கறுப்பு. தலைமுடியில் மண்ணெண்ணெய் நாற்றம். என் மகள் பக்கத்தில் படுக்க மறுத்த நாட்கள் உண்டு. ஆனால் வாழ்க்கையில் நான் தப்பில்லாமல் செய்த ஒரே வேலை அதுதான்.

அங்கே நர்ஸாக இருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது பெரியவர். எல்லோரும் அவரை சிஸ்டர் என்பார்கள். நான் மட்டும் அக்கா என்பேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவர்தான் அப்படிக் கூப்பிடச் சொன்னார். மத்தியானம் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். அவருடைய புளிக்குழம்பும் என்னுடைய கருவாடும் தட்டு மாறும். அந்த வருஷம் டாக்டர் மாற்றலாகிப் போய் வேறு டாக்டர் வராததால், எல்லாப் பொறுப்பும் அவர் தலையில்தான்.

எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. காலையும் மாலையும் நான் பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கிற தெர்மாமீட்டரைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வேன். அவர் தலை நிமிராமல் நோட்டில் எழுதுவார். இரண்டுக்குக் கீழேயும் போகக் கூடாது, எட்டுக்கு மேலேயும் போகக் கூடாது. நான் "அஞ்சு" என்றால் அவர் "அஞ்சு" என்று திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதுவார். நான் சரியாகப் பார்த்தேனா என்று ஒரு நாளும் எழுந்து வந்து பார்த்ததில்லை. அந்த நம்பிக்கை எனக்குப் பெரிதாக இருந்தது.

பிறகு கரண்டில் ஓடும் புதுப் பிரிட்ஜ் வந்தது. வெள்ளை வெளேரென்று, கூடவே கரண்டைச் சீராக்க ஒரு ஸ்டெபிலைசர். அதோடு ஒரு உத்தரவும் வந்தது. பழைய பெட்டியை இனி எரிக்கக் கூடாது, தீப்பிடிக்கிற அபாயம், உபயோகமற்ற பொருள் என்று எழுதி ஓரமாக வைக்க வேண்டும், மேலதிகாரி வந்து பார்த்து எடுத்துப்போக உத்தரவு போடுவார். பெட்டியைப் பின் அறைக்குத் தள்ளினோம். அதன்மேல் பழைய ரிஜிஸ்டர்களை அடுக்கினார்கள். என் வேலைத் தாள் இன்னும் மூன்று மாதத்துக்கு இருந்தது. விளக்கே இல்லாதபோது விளக்கேற்றுகிறவள் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் எனக்குத் தெரியாதா?

அதனால்தானோ என்னவோ, வாரத்துக்கு ஒருமுறை பின் அறைக்குப் போய் அந்தப் பெட்டியைத் துடைப்பேன். திரியை வெட்டிச் சமப்படுத்துவேன். புகைபோக்கியில் பூச்சி கூடு கட்டாமல் பார்த்துக்கொள்வேன். அக்கா பார்த்துவிட்டு, செத்த மாட்டுக்கு வைக்கோல் போடுகிறாயா என்று சிரிப்பார்.

புதுப் பெட்டியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. கரண்ட் இருந்த நாளெல்லாம் அது நன்றாகத்தான் ஓடியது. புகை இல்லை, நாற்றம் இல்லை, முட்டி போட வேண்டியதில்லை. ஆனால் அதன் உயிர் எங்கோ தூரத்திலிருந்து கம்பி வழியாக வர வேண்டும். பழையதின் உயிர் என் கையிலிருந்த கேனில் இருந்தது. இதைப் பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்லவில்லை. இன்று ஒரகடம் ரோட்டில் போனால், வெளிநாட்டு யந்திரம் வைத்திருக்கிற கம்பெனிக்குப் பின்னாலும் டீசல் ஜெனரேட்டர் நிற்கிறது. டீசல் என்ஜின் என் மாமனார் காலத்திலேயே கிணற்றடியில் ஓடியது. அதை யாரும் பழசு என்று தூக்கிப்போடவில்லை. கம்பெனி வைத்தால் முன்ஜாக்கிரதை, என் மாதிரி ஆள் வைத்தால் பழைய டப்பா.

கத்திரி வெயில் ஆரம்பித்த வாரம் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. முந்தின நாள்தான், சுற்றுவட்டாரக் கிராமங்களில் முகாம் நடத்துவதற்காக நிறைய மருந்து வந்து இறங்கியிருந்தது. புதுப் பெட்டி நிரம்பி வழிந்தது. மின்வாரியத்தில் கேட்டால், மாற்று வர நாளாகும் என்றார்கள். அக்கா புதுப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மருந்து கெட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கெட்டது தெரியாமல் போட்டுவிட்டாலோ, அது இன்னும் மோசம். ஊசி போட்ட பிள்ளை என்று தாய் நம்பிக்கொண்டிருப்பாள், உள்ளே ஒன்றும் இருக்காது.

"ஏட்டி, அந்தப் பழச பத்த வைக்க முடியுமாட்டி?"

அந்தக் கேள்விக்காகவே நான் காத்திருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. ரிஜிஸ்டர்களை இறக்கினேன். தட்டில் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு மண்ணெண்ணெய் வருவது நின்றுபோயிருந்ததால் வீட்டிலிருந்த கேனைத் தூக்கிவந்து ஊற்றினேன். திரி ஊறியதும் ஏற்றினேன். முதலில் மஞ்சள், பிறகு ஓரத்தில் நீலம், பிறகு முழுக்க நீலம். அந்தப் பெட்டி உடனே குளிராது, ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அதுவரை படப்பையிலிருந்து ஐஸ்கட்டி வாங்கிவந்து, மரத்தூளில் புதைத்து, மருந்தை அதன் பக்கத்தில் வைத்துக் காப்பாற்றினோம். மறுநாள் காலை தெர்மாமீட்டர் ஆறு காட்டியது. மருந்தையெல்லாம் உள்ளே அடுக்கினோம். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

ஆறு நாள் கரண்ட் இல்லை. ஆறு நாளும் நான் முட்டி போட்டேன். மகளுக்கு விடுமுறை என்பதால் அவளையும் கூட்டிவந்து வராந்தாவில் உட்காரவைத்தேன். மண்ணெண்ணெய் இங்கே வந்துவிட்டதால் என் வீட்டில் அடுப்புக்கு விறகு. கேன் காலியானதும் எதிர்வீட்டில் கேட்டு வாங்கினேன்.

"அஞ்சு, அக்கா."

"அஞ்சு."

"இப்போ நாலரை."

"நாலரை."

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, அவர் எழுதுகிற பக்கத்தை எட்டிப் பார்த்தேன். தலைப்பில் புதுப் பிரிட்ஜின் பெயரும் நம்பரும் இருந்தன. நான் பழையதில் பார்த்துச் சொன்ன எண்களெல்லாம் அதன் கீழே வரிசையாக ஏறியிருந்தன.

"அக்கா, இது புதுப் பொட்டி பக்கமாச்சே."

அவர் பேனாவை மூடாமலே சொன்னார். "பழசுக்கு ஏதுட்டி பக்கம்? அது இல்லாத பொருளு. எரிக்கக் கூடாதுன்னு உத்தரவு கெடக்கு, எரிச்சோம்னு என் கையால எழுத முடியுமா? நீ வெசனப்படாத. ஆபீசர் வருவாருல்லா, அன்னைக்கு நேர்ல நான் சொல்லுதேன். இந்தப் பெட்டி இல்லன்னா அம்புட்டு மருந்தும் போயிருக்கும் சார், இதையும் இவளையும் இங்கயே வச்சிருக்கணும்னு சொல்லுதேன். எழுத்துல மாட்டிக்கிட்டாத்தான் வம்பு, வாயால சொன்னா மனுசன் கேப்பாரு."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. படித்தவர்களுக்கு எதை எழுத வேண்டும், எதைப் பேச வேண்டும் என்று தெரியும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு இன்னும் தெளிவாகவே எண்ணைச் சொன்னேன். அவர் எழுத வசதியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். எனக்கு எதிரான சாட்சியை நானே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது தெரியவில்லை.

ஏழாம் நாள் கரண்ட் வந்தது. புதுப் பெட்டி குளிர்ந்ததும் மருந்தை மாற்றினோம். பழையதின் விளக்கை அணைத்தேன். அடுத்த நாள் அதிகாரி செங்கல்பட்டிலிருந்து ஜீப்பில் வந்தார்.

நல்ல மனிதர்தான். உட்கார்ந்ததும் தண்ணீர் வாங்கிக் குடித்தார், வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு நோட்டைப் புரட்டினார். டிரான்ஸ்பார்மர் எரிந்த தேதி அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தேதியில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். நான் கதவருகே நின்றிருந்தேன். இப்போது கேட்பார், அக்கா சொல்லுவார்.

"என்ன சிஸ்டர் இது? ஆறு நாள் கரண்ட் இல்ல. ஒரு நாள்கூட ஆறு டிகிரியத் தாண்டலையே?"

அக்கா எழுந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

அதிகாரி தானே எழுந்துபோய்ப் புதுப் பெட்டியின் கதவைத் தட்டிப் பார்த்தார். கனமான கதவு, உள்ளே நல்ல தடுப்பு என்றார். "தெர்மாமீட்டர் பாக்கறதத் தவிர கதவத் திறக்காமலே வச்சிருந்தீங்களா?"

"ஆமா சார். மத்தபடி தொறக்கவே இல்ல."

அவர் முகம் மலர்ந்துபோனது. இதைத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் நம்பவில்லை என்றார். மற்ற சுகாதார நிலையங்களில் பழைய பெட்டியை விடமாட்டேன் என்று பிடித்துவைத்திருக்கிறார்களாம். இந்த நோட்டைக் காட்டியே அவற்றை எடுத்துவிடலாம் என்றார். நோட்டிலிருந்து அந்த ஆறு நாளையும் தன் டைரியில் எழுதிக்கொண்டார். எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். அஞ்சு. நாலரை. அஞ்சு. என் குரல் எனக்கே கேட்டது போலிருந்தது.

பிறகு பின் அறைக்கு வந்தார். அறை முழுக்க மண்ணெண்ணெய் வாசனை. பெட்டிக்குப் பக்கத்தில் என் கேன். அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

"இவ வீட்டு எண்ணெய்யக் கொண்டாந்து வைக்கா சார்," என்றார் அக்கா. "வைக்காதன்னு நானும் எத்தனையோ தடவ சொல்லியாச்சு."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். கோபமாகக் கேட்டிருந்தால்கூட ஏதாவது வந்திருக்குமோ என்னவோ. அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"தீப்பிடிச்சா யாரும்மா பொறுப்பு? ஏதாவது சொல்லணும்னா சொல்லு."

சொல்வதற்கு எல்லாம் இருந்தது. நேற்றுவரை எரிந்த திரியைப் பாருங்கள், புகைபோக்கியைத் தொடுங்கள், புதுக் கரி ஒட்டும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அக்காவின் வேலை போகும் என்று தெரியும். எரிக்கக் கூடாத பெட்டியில் வைத்த மருந்து என்று எல்லாவற்றையும் கொட்டச் சொல்வாரோ என்றும் பயம். இதையெல்லாம் அப்போது யோசித்தேனா, பிறகு என் மனசாறுதலுக்குச் சேர்த்துக்கொண்டேனா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நாக்கு எழும்பவில்லை என்பதுதான் நிஜம்.

"இல்ல சார்," என்றேன்.

பெட்டியை நாளைக்கே எடுத்துப்போக வண்டி அனுப்புவதாகச் சொன்னார். இதற்காக வைத்திருந்த ஆள் யார் என்று கேட்டார். அக்கா என்னைக் கை காட்டினார். இந்தத் தாள் முடிகிறவரை இருக்கட்டும், அதற்கு மேல் நீட்டிக்க வழியில்லை என்றார். அக்காவிடம், உங்கள் பெயரைக் குறிப்பிட்டு எழுதுகிறேன் என்றார். ஜீப் போய்விட்டது.

அன்று மத்தியானம் நான் வராந்தாவில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டேன். அக்கா தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் நின்றார்.

"ஏட்டி, வாய் வரைக்கும் வந்துட்டு. அவரு அப்படிச் சந்தோசப்பட்டதும் எனக்குச் சொல்ல முடியல. நோட்டுல என் கையெழுத்து கெடக்குல்லா. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்குட்டி. ஒனக்கு எங்கயாவது வேல பாத்துக் குடுக்கேன்."

"கேனு?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. மற்றதெல்லாம் பயத்தில் செய்தது என்று வைத்துக்கொண்டாலும், கேனைப் பற்றி அப்படிச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் டப்பாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார்.

"நான் சாப்ட்டேன் சிஸ்டர்," என்றேன்.

அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் கை கொஞ்சம் இறங்கியது. டப்பாவை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வேலை போனதைப் பற்றி இப்போது ஒன்றுமில்லை. தையல் கற்றுக்கொண்டேன், பிறகு குன்றத்தூருக்கு வந்தோம், மகளைப் பன்னிரண்டாவது வரை படிக்கவைத்தேன். ஆறாமல் கிடப்பது வேறு. அந்த ஆறு நாள் குளிர்ச்சி என் முட்டியிலிருந்தும் என் வீட்டு மண்ணெண்ணெயிலிருந்தும் வந்தது. அதை உயிரில்லாமல் நின்ற ஒரு பெட்டியின் பெயரில் எழுதினார்கள். எழுதியதைப் படித்து, வேறு எங்கெங்கோ இருந்த பெட்டிகளையும் எடுத்திருப்பார்கள். அடுத்த கோடையில் அங்கேயெல்லாம் கரண்ட் போயிருக்கும். மருந்து என்ன ஆனது, எந்தப் பிள்ளைக்குப் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களிடமும் நோட்டு இருந்திருக்கும். நோட்டில் அஞ்சு, நாலரை என்றுதான் இருந்திருக்கும்.

அதிகாரி வந்துபோன மறுநாள் காலை பத்து மணிக்கு மாட்டுவண்டி வந்தது. பெட்டியைப் படுக்கவைத்து ஏற்றிக் கயிறு கட்டினார்கள். பத்தரைக்குக் கரண்ட் போனது. பன்னிரண்டு மணிக்கு வந்தது.